நாலு மணிக்கு வருகிறவர்

மேகமலை
11.6.2023

அன்புள்ள அக்காவுக்கு,

அனுசுயா எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீயும் மாமாவும் சுகமா? அப்பாவுக்கு முட்டிவலி தேவலையா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. சின்னமனூரில் பஸ் ஏறி நாலைந்து கொண்டை ஊசி வளைவு தாண்டியதுமே போனில் சிக்னல் போய்விட்டது. ஹோட்டல் ஆபீசில் ஒரு போன் இருக்கிறது. அது விருந்தாளிகளுக்கும், ஏதாவது அவசரத்துக்கும் மட்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். காலை பஸ்ஸில் தபால் கீழே போகிறது, அதனால் இனி இதுதான் வழி.

ஹோட்டல் என்றதும் தேனி பஸ் ஸ்டாண்டு ஹோட்டலை நினைத்துக்கொள்ளாதே. தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் கட்டிய பங்களா. கிளென்மோர் ஹவுஸ் என்று பெயர். என் வேலை டீ ஹால் வாசலில். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு டீ. மூன்று அடுக்குத் தட்டு வைப்பார்கள். அடியில் சாண்ட்விச், நடுவில் ஸ்கோன் என்று ஒரு ரொட்டி, உச்சியில் கேக். கீழிருந்து மேலேதான் சாப்பிட்டுப் போக வேண்டும். சீனி கட்டியாக இருக்கும், இடுக்கியால் எடுக்க வேண்டும். கரண்டியை நாம் கலக்குகிற மாதிரி சுற்றக் கூடாது. கப்பில் இடிக்காமல் முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். துணியை மடியில் விரித்துக்கொள்ள வேண்டும். சத்தம் கேட்டால் மேனேஜர் ஜாஸ்பர் சார் திரும்பிப் பார்ப்பார். அந்த ஒரு பார்வை போதும்.

வாசலில் பித்தளைப் பலகை ஒன்று உண்டு. ஆண்கள் என்றால் பேண்ட், காலர் வைத்த சட்டை, மூடிய ஷூ. வேட்டி, லுங்கி, அரை டிராயர், செருப்பு எதுவும் உள்ளே வரக் கூடாது. துரை காலத்து விதியாம். பலகையைப் பார்க்காமல் வருகிறவர்களைச் சிரித்த முகமாகத் திருப்பி அனுப்புவதுதான் என் உத்தியோகம். எனக்கும் விதி உண்டு. க்ரீம் கலர் சேலை, மடிப்புக்கு ஆறு பின், பூ வைக்கக் கூடாது, கொலுசு போடக் கூடாது. என்னைப் பார்த்தால் உனக்கே அடையாளம் தெரியாது.

அப்பாவை இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல். மூன்று மாதம் ட்ரெயினிங். அதற்குள் சொந்தக்காரர்கள் வந்து நின்றால் நன்றாக இருக்காது. வேலை நிரந்தரமானதும் நானே அழைத்துவந்து, ஜன்னலோர மேசையில் உட்கார வைத்து, என் கையால் டீ ஊற்றிக் கொடுப்பேன். அப்பாவிடம் இதை மட்டும் அப்படியே படித்துக் காட்டு.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை
அனுசுயா


ஜெயமங்கலம்
20.7.2023

ஆசைத் தங்கச்சி அனுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம், உன் சுகத்துக்குக் குலசாமியைக் கும்பிடுகிறேன். உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் போடாததற்கு நான் காரணமில்லை. கடிதமே என் கையில் இல்லை. அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தோட்டம், டீக்கடை, ரேஷன் கடை என்று ஒரு இடம் விடாமல் படித்துக் காட்டிவிட்டார். மடிப்பெல்லாம் கிழிந்துபோய்த்தான் எனக்குத் திரும்பி வந்தது.

நீ வர வேண்டாம் என்று எழுதியதைச் சொன்னேன். கேட்கிற ஆளா? முந்தாநாள் விடிந்ததும் கஞ்சி போட்ட வேட்டியைக் கட்டி, துண்டைப் போட்டு, கம்பம் திராட்சை இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். "ஏலே ஹேமா, நான் என்ன அங்கன குடியிருக்கவா போறேன், எம் புள்ளய ஒரு பார்வ பாத்துட்டு வர்றேன்" என்றார்.

திரும்பி வந்ததிலிருந்து ஒரே பெருமைதான். ஜன்னலோர மேசையாமே, இடுக்கியால் எடுத்துச் சீனிக் கட்டி இரண்டு போட்டாயாமே, கேக்கைக் கடைசியில்தான் தின்ன வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாயாமே. மொக்கம்மாள் சித்தி வந்து, "என்ன மச்சான், மக கவனிச்சாளா?" என்று கேட்டாள். அப்பா சொன்னார்: "கவனிச்சாளாவா? எனக்கு ஊத்திக் குடுத்துட்டுத்தான் மத்தவுகளுக்கே ஊத்துனா." சித்திக்கு முகம் செத்துவிட்டது.

திராட்சையை எல்லோருக்கும் கொடுத்தாயா? தேடி வந்தவரை எப்படிக் கவனித்தாய் என்று நீயும் ஒரு வரி எழுது. அவர் சொல்வதில் பாதியைத்தான் நான் நம்புகிறேன், மீதிப் பாதியை நீ சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். மலைக் குளிருக்குக் காதில் துணி கட்டு.

உன் அக்கா
ஹேமாவதி


மேகமலை
25.7.2023
(தபாலில் சேர்க்காதது)

அக்கா,

அப்பா சொன்னது அத்தனையும் பொய். அவர் உள்ளேயே வரவில்லை. நான் விடவில்லை.

அன்றைக்கு முந்தின நாள் ஒருவரைச் செருப்போடு உள்ளே விட்டதற்கு ஜாஸ்பர் சாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை நடந்தால் பெட்டியைக் கட்டிவிடு என்று சொல்லியிருந்தார். மறுநாள் நாலு மணிக்கு அவரும் என் பக்கத்திலேயே நின்றார். சென்னையிலிருந்து முதலாளி வீட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். அப்போது அப்பா புல்தரையைத் தாண்டி நடந்து வருகிறார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் பை. தூரத்திலேயே என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

நான் சிரிக்கவில்லை. "சாரி சார், வேட்டிக்கு அனுமதி இல்லை" என்றேன். இங்கிலீஷில் சொன்னேன், அக்கா. அப்பாவிடம் இங்கிலீஷில் பேசினேன். அவருக்குப் புரியாது என்று பலகையை வேறு கையால் காட்டினேன்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜாஸ்பர் சாரைப் பார்த்தார். அவ்வளவுதான், எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. "தெரியாம வந்துட்டேங்க மேடம். மன்னிச்சுக்கங்க" என்று துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார். திரும்பி நடந்துவிட்டார். "தெரிந்தவரா?" என்று ஜாஸ்பர் சார் கேட்டார். இல்லை என்றேன்.

ஆறு மணிக்கு வேலை முடிந்ததும் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். பஸ் போயிருந்தது. பெஞ்சில் திராட்சைப் பை கிழிந்து கிடந்தது. குரங்குகள் தின்றுகொண்டிருந்தன.

நான் எப்படிப்பட்டவள் என்று எனக்கே தெரியவில்லை.

அனு


மேகமலை
26.7.2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். உங்கள் எல்லோர் சுகத்தையும் அறிய ஆசை.

அப்பா வந்தது சந்தோஷம். திராட்சை நன்றாக இருந்தது. இங்கே மழை விடாமல் பெய்கிறது. வேலை அதிகம், விவரமாக எழுத நேரமில்லை. அப்பாவை முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளச் சொல்.

உன் தங்கை
அனுசுயா


ஜெயமங்கலம்
3.9.2023

அன்புத் தங்கச்சிக்கு,

உன் நாலு வரிக் கடிதம் கிடைத்தது. தந்தி அடித்தால்கூட இன்னும் கொஞ்சம் சேர்த்து அடிப்பார்கள். போகட்டும், நீ சுகமாக இருந்தால் சரி. இங்கு குறை ஒன்றும் இல்லை, ஒரு கூத்தைத் தவிர.

அப்பா பேண்ட் தைத்திருக்கிறார்! பெரியகுளத்தில் போய், சாம்பல் கலரில் துணி எடுத்து, டெய்லரிடம் அளவு கொடுத்துத் தைத்து வாங்கி வந்திருக்கிறார். அறுபத்தாறு வயதில் முதல் பேண்ட். கறுப்பு ஷூ வேறு. காலை வெயிலில் வாய்க்கால் வரப்பில் அதைப் போட்டுக்கொண்டு நடந்து பழகுகிறார். கண் தெரியாத இடத்தில் கால் வைக்கிறவர் மாதிரி ஒவ்வொரு அடியாக எடுத்து வைக்கிறார். உன் மாமா, "என்ன மாமா, எலெக்சன்ல நிக்கப் போறீகளா?" என்று கேட்டார். அப்பா அடுத்த அடியை எடுத்து வைத்தார்.

நான் விடாமல் கேட்டதற்கு, "அடுத்த தடவ போறப்ப எம் மக கூடச் சரிசமமா உக்காரணும்ல" என்றார். ஒரு தடவைதான் வேட்டியோடு உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தாயிற்றே, பிறகு என்ன என்றேன். எழுந்து போய் ஷூவைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். டம்ளரை ஒதுக்கிவிட்டுக் கப்பில்தான் டீ கேட்கிறார். கரண்டி வேறு. சத்தம் வராமல் கலக்கிப் பழகுகிறார். எப்போது வரலாம் என்று உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னார். ட்ரெயினிங் முடிந்திருக்குமே?

தேதி எழுது. மாமா உன்னை விசாரித்தார்.

உன் அக்கா
ஹேமாவதி


மேகமலை
20.9.2023

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். சுகத்துக்கு எழுது.

வேலை நிரந்தரமாகிவிட்டது. ஆனால் பூஜை லீவு, தீபாவளி என்று கூட்டம் வரும். அப்பாவைத் தீபாவளி முடிந்து, கூட்டம் வடிந்ததும் வரச் சொல். அவசரமில்லை என்று சொல்.

பேண்ட் நன்றாக இருக்கும் என்று சொல்.

உன் தங்கை
அனுசுயா


ஜெயமங்கலம்
10.12.2023

அன்புள்ள அனுவுக்கு,

இங்கு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

அப்பா போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது. ரோட்டில் மண் சரிந்து, மரம் விழுந்து நீ மலையிலேயே மாட்டிக்கொண்டதற்கு உன்னைக் குறை சொல்லவில்லை. முகம் பார்க்காமல் போய்விட்டதே என்றுதான் வயிறு எரிகிறது. ஆனால் நீ வந்து இருந்த இரண்டு நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. அழவும் இல்லை. பதினாறாம் நாளுக்கு வருவாய் என்று பார்த்தேன். லீவு இல்லை என்று ஆபீசிலிருந்து போன் வந்தது. பெற்ற அப்பனுக்கு லீவு இல்லையா?

அன்று காலை நடந்ததை நீ கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். மறுநாள் வியாழக்கிழமை உன்னிடம் வருவதாக இருந்தார். கட்டிலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சைப் பிடித்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

குடத்தில் நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்து குளிப்பாட்டி, புதுசாகப் பட்டுக்கரை வேட்டியைக் கோடியாக உடுத்தினோம். "பேண்டு ஒண்ணு ஆசப்பட்டுத் தச்சாரே, அதப் போட்டு விடுவமா?" என்று மாமா கேட்டார். பைத்தியமா உங்களுக்கு, ஆயுசுக்கும் வேட்டி கட்டிய மனுசன் என்று நான்தான் தடுத்தேன். மாப்பிள்ளை மாதிரிதான் போனார்.

அந்தப் பேண்டும் ஷூவும் புதுசாகக் கிடக்கின்றன. மாமாவுக்கு அளவு சேரவில்லை. யாருக்காவது கொடுத்துவிடட்டுமா?

உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் அக்கா
ஹேமாவதி


மேகமலை
17.12.2023

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. பேண்டை யாருக்கும் கொடுக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். பயப்படாதே. ஊரிலிருந்து திரும்பி வந்த நாள் முதல், நாலு மணிக்கு டீ ஹால் வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார். முதல் நாள் பனி என்று நினைத்தேன். இரண்டாம் நாள் வேட்டியின் கரை தெரிந்தது. மூன்றாம் நாள் முகம் தெரிந்தது.

பலகைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். உள்ளே வருவதில்லை. கேட்பதும் இல்லை. வாசலில் நிறைய நேரம் காத்திருக்கப் பழகியவர் போல நிற்கிறார். ஆறு மணிக்கு மேசைகளைத் துடைக்கத் திரும்பினால் போய்விடுகிறார். அவர் நின்ற இடத்தில் செம்மண் ஒட்டியிருக்கிறது. பங்களாவைச் சுற்றி எல்லாம் கறுப்பு மண், அக்கா. செம்மண் நம் ஊர்த் தோட்டத்து மண். கேக் செய்கிற ஷரீபா உத்தமபாளையத்துக்காரி, நல்லவள். நேற்று அவள் துடைப்பத்தோடு வந்து, "யாரு அனு, செம்மண்ணுக் காலோட இங்கன வந்துட்டுப் போறது?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

உள்ளே வாங்கப்பா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பலகையைப் பார்க்கிறார், வேட்டியைப் பார்க்கிறார், தலையை ஆட்டிவிட்டு அப்படியே நிற்கிறார்.

மாமாவையும் உன்னையும் குலசாமி காக்கட்டும்.

அனுசுயா


ஜெயமங்கலம்
26.12.2023

அன்புள்ள அனு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்று ஒரு வரி வந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

இதோடு கோயில் கயிறு வைத்திருக்கிறேன், இடது கையில் கட்டு. வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வந்துவிடு. மொக்கம்மாள் சித்தியிடம் மட்டும் சொன்னேன். "நெறவா போன உசுரு வாசல்ல நிக்காதும்மா. மனசுல ஏதோ தங்கிப் போச்சு, அதக் கேளு" என்றாள்.

எனக்கும் அதுதான் புரியவில்லை. உன் கையால் டீ குடித்தவர், ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தவர். உன் வாசலில் வந்து ஏன் அந்நியன் மாதிரி நிற்க வேண்டும்? அந்தப் பங்களாவுக்குள் வர அவருக்கு யார் தடை? நீ எதையோ மறைக்கிறாய். சின்ன வயதில் திருடித் தின்றால்கூட இப்படித்தான் நாலு வரியில் பேசுவாய். என்னிடம் சொல்.

உன் அக்கா
ஹேமாவதி


மேகமலை
2.1.2024

அக்கா,

நான் உயிரோடு இருக்கிறேன். இதோடு இன்னொரு கடிதம் இருக்கிறது. ஜூலை மாதம் உனக்கு எழுதி, அனுப்பாமல் பெட்டியில் வைத்திருந்தது. முதலில் அதைப் படி. படித்துவிட்டு என்னைத் திட்டு, அடிக்க வேண்டுமானால் வந்து அடி. ஆனால் பிறகு ஒன்று செய்.

அவர் பேண்ட் தைத்தது எதற்கென்று அன்றே நான் உனக்குச் சொல்லியிருந்தால் நீ வேட்டியைக் கட்டி அனுப்பியிருக்க மாட்டாய். நான் சொல்லாததால்தான் அதே உடுப்பில் அதே வாசலில் வந்து நிற்கிறார். ஜாஸ்பர் சாரிடம் ஒரு நாள் மட்டும் விதியைத் தளர்த்தச் சொல்லிக் கேட்டேன். "யாருக்கு?" என்றார். ஒன்றுமில்லை சார் என்று பலகையைத் துடைக்கப் போய்விட்டேன்.

பேண்டையும் ஷூவையும் அனுப்பிவிடு, அக்கா.

அனு


ஜெயமங்கலம்
29.1.2024

அனுசுயாவுக்கு,

சுகம் விசாரிக்க மனமில்லை. நாலு வாரம் பேனாவை எடுக்காமல் இருந்தேன். எடுத்தால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

உன் முதல் கடிதத்தைத் தேடி எடுத்தேன். ஜன்னலோர மேசை, சீனிக் கட்டி, இடுக்கி, கடைசியில் கேக். அவர் ஊருக்குச் சொன்னது எல்லாம் அதில் நீ எழுதியதுதான். தனக்கு ஊற்றிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு ஊற்றினாள் என்றது ஒன்றுதான் அவராகச் சேர்த்தது. என் மண்டையில் அது உறைக்கவே இல்லை. நாலு மாதம் எனக்கு முன்னால் உட்கார்ந்து சோறு தின்றார், ஒரு நாள் முகம் சுண்டவில்லை. உன்னைக் காப்பாற்றுவதற்கு அந்த மனுசன் என்னிடமே நடித்திருக்கிறார்.

அவரை வேட்டியில் அனுப்பியது என் கை. அதை என்னால் மறக்க முடியவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, தீருமா என்றும் தெரியவில்லை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

நேற்று பேண்ட், சட்டை, ஷூ மூன்றையும் அவர் படத்துக்கு முன்னால் இலை போட்டு வைத்துக் கும்பிட்டேன். பதினாறாம் நாளில் வைத்திருக்க வேண்டியது. பார்சலாக அனுப்பியிருக்கிறேன். ஷூவில் ஒன்றுக்குத்தான் பாலிஷ் போட்டிருந்தார். இன்னொன்றுக்கு நான் போட்டேன்.

அவரை உள்ளே கூப்பிடு.

ஹேமாவதி


மேகமலை
8.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். மாமாவும் சுகமாக இருக்க வேண்டும். பார்சல் வந்து சேர்ந்தது.

நேற்று மூன்றரை மணிக்கு வாசலுக்கு வெளியே உள்ள பெஞ்சில் ஒரு வாழை இலை விரித்து, பேண்டையும் சட்டையையும் மடித்து வைத்தேன். கீழே ஷூவை வைத்தேன். நல்ல பனி. விருந்தாளிகள் யாரும் அறையை விட்டு வரவில்லை. ஜாஸ்பர் சார் கீழே சின்னமனூருக்குப் போயிருந்தார். நாலு மணி அடித்தது.

புல்தரையில் ஷூச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு அடியாக எடுத்து வைக்கிற சத்தம். அப்பா வந்தார். சாம்பல் பேண்ட் அவருக்கு எவ்வளவு எடுப்பாக இருக்கிறது, அக்கா! பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே பேண்ட் மடித்தது மடித்தபடி இருந்தது. அவர் உடம்பிலும் இருந்தது.

பலகைக்கு முன்னால் நின்று தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். நான் கதவை அகலத் திறந்தேன். வந்துவிட்டார். ஜன்னலோர மேசையில் உட்கார வைத்தேன். துணியை எடுத்துத் தானே மடியில் விரித்துக்கொண்டார். நான் டீ ஊற்றினேன். சீனிக் கட்டி இரண்டு போட்டேன். கரண்டியை முன்னும் பின்னுமாக அசைத்தார். துளிச் சத்தம் இல்லை. கீழ்த்தட்டிலிருந்து தொடங்கி, கேக்கைக் கடைசியில் எடுத்தார். அவர் போன பிறகு ஷரீபா வந்து மேசையைப் பார்த்துவிட்டு, யார் சாப்பிட்டது என்று கேட்டாள். கப் காலியாக இருந்தது.

அதற்கு முன், அவர் போவதற்காக எழுந்திருக்கும்போது, "அப்பா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். நல்ல மனதோடுதான் பார்த்தார். கோபம் கொஞ்சம்கூட இல்லை. ஆனால் அந்தப் பார்வை என்னைத் தெரிந்த பார்வை இல்லை, அக்கா.

"எம் மகளும் இங்கனதாம்மா வேல பாக்குறா. அனுசுயான்னு பேரு. அன்னைக்கு நான் வந்தப்ப அவ இல்ல. வேற யாரோ ஒரு புள்ள வாசல்ல நின்னுச்சு. இன்னைக்கும் அவளக் காணோம். அவ வந்தா, உங்கப்பா வந்து டீ குடிச்சிட்டுப் போனாகன்னு மட்டும் சொல்லிருங்கம்மா" என்றார்.

சொல்கிறேன் என்றேன்.

உன் தங்கை
அனுசுயா